போர்மேன்மேல் கட்டிய பாட்டு

அவர் வந்தால் பாட்டு நின்றுவிடும்.

அவரைப் பற்றி எங்கே தொடங்கினாலும் எனக்கு முதலில் இதுதான் வந்து நிற்கிறது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒன்பதாம் நம்பர் அறை எங்களுடையது. அறைக்கு நான்கு வாசல், நான்கு பேர். அதற்கு மேல் ஓர் ஆள் உள்ளே உட்காரக் கூடாது. நாங்கள் நால்வரும் சரவெடி பின்னுகிறவர்கள். சின்னச் சின்ன வெடிகளின் திரியை நூலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கை பின்னும், வாய் பாடும். தூரத்தில் ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று இழுபடுவது கேட்டதும் எங்களில் மூத்தவளான பேச்சியம்மாக்கா தொண்டையைச் செருமுவாள். நான்கு வாயும் கப்பென்று மூடிக்கொள்ளும். போர்மேன் வாசலில் வந்து நிற்பார். பின்னிய சரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். "ம்" என்பார். இன்னும் கொஞ்சம் நிற்பார். பிறகு போய்விடுவார். செருப்புச் சத்தம் பத்தாம் நம்பரைத் தாண்டியதும் விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடங்குவோம்.

அந்த 'இன்னும் கொஞ்சம்' எதற்காக என்று நான்கு வருஷம் எனக்குத் தெரியவில்லை. நான்தான் அங்கே பெரிய புத்திசாலி என்று பெயர் வாங்கியிருந்தவள்.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். கட்டையான உருவம். வெள்ளை அரைக்கைச் சட்டையை மீறி முன்னால் வந்து நிற்கும் தொப்பை. தோளில் சிவப்புத் துண்டு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். பெல் இல்லாத சைக்கிள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. நான்கு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தனக்குப் பெண் கேட்கிற வயது போய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள், அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. வெடிமருந்தை அவர் மருந்து என்று சொல்ல மாட்டார். 'அது' என்பார். "மெதுவா, மெதுவா. அவசரப்பட்டா அதுக்குப் பிடிக்காது" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். வீட்டில் இருக்கிற கோபக்கார மாமியாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

காலையில் வேனை விட்டு இறங்கியதும் கேட்டில் நின்று எங்கள் ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு கொட்டாங்கச்சியில் வாங்கிக்கொள்வார். இரும்பு உரசிப் பொறி பறந்தால் அவ்வளவுதான். சாயங்காலம் வேன் ஏறும்போது திருப்பிக் கொடுப்பார். நாற்பது பெண்களின் ஊக்கையும் ஒன்றுகூட மாறாமல் கொடுப்பார். "இந்தா, வளைஞ்ச ஊக்கு ஒன்னுது. பச்சைப் பாசி கோத்தது அவளுது." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பாட்டு என் வேலை. அம்மா காட்டு வேலைக்குப் போன காலத்தில் களையெடுத்துக்கொண்டே பாடிய பாட்டு அது. பண்ணையாரை நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் குனிந்த தலையோடு பாட்டில் சொல்லியிருக்கிறார்கள். சாமியையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையாரின் தொப்பையும் முருகனின் ரெண்டு பெண்டாட்டிகளும் அந்தப் பாட்டில் படாத பாடு படுவார்கள். அம்மாவுக்குக் காட்டு வேலை போயிற்று, பண்ணையாரும் போய்ச் சேர்ந்தார், பாட்டு மட்டும் அம்மா வாயில் கிடந்தது. நான் பண்ணையாரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் போர்மேனை ஏற்றினேன். தொப்பை ஏற்கெனவே இருந்ததால் அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளுல வாராக — எங்க
சாமி போர்மேன் வாராக
பெல்லு ஒண்ணு இல்லாம — அவுக
பல்லு தானா அடிக்குதம்மா

தொப்ப முன்ன வருகுதம்மா
துண்டு பின்ன வருகுதம்மா
ரெண்டுக்கும் நடுவால
போர்மேன எங்க காணோம்

வேலு புடிச்ச முருகனுக்கு
வீட்டுக்காரி ரெண்டு பேரு
விசிலு புடிச்ச போர்மேனுக்கு
வெறும் பானை ஒண்ணே ஒண்ணு

இதுவரை அம்மாவின் மெட்டு, அம்மாவின் வழி. கடைசி அடியை நானே கட்டினேன்.

செத்துப்போனா போர்மேனு — அங்க
சேலக்காரி யாரழுவா
சட்டி அழும் பானை அழும்
சந்துல நாய் வந்தழுவும்

கட்டிய அன்றைக்கு ஒன்பதாம் நம்பரில் சிரிப்பு அடங்கவேயில்லை. பேச்சியம்மாக்கா மட்டும், "ஏட்டி, இது கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சேர்ந்துதான் பாடினாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தனியாக இருக்கிற மனுஷன் எம்புட்டுத் தனியாக இருப்பான் என்று எனக்கு என்ன தெரியும்? மெட்டில் உட்கார்ந்துவிட்டது என்கிற சந்தோஷம் எனக்கு.

ஒரு நாள் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின்வாசல் பக்கம் கண் போனது. புங்க மரத்துக்குப் பின்னால் சிவப்புத் துண்டு தெரிந்தது. போர்மேன் வெறுங்காலோடு நிற்கிறார். துண்டைச் சுருட்டி வாயில் அமுக்கிப் பிடித்திருக்கிறார். தோள் இரண்டும் குலுங்குகிறது. இருமல் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வாயைப் பொத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து மற்றவர்களுக்குச் சைகை காட்டினேன்.

"வேவு பாக்காக. செருப்பக் கழட்டிட்டு வந்து நிக்காக."

அந்த வருஷம் ஆர்டர் குறைவு. ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று வேனில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் பாடுகிறவள் யார் என்று பார்த்து முதலாளியிடம் சொல்லத்தான் மனுஷன் பூனை மாதிரி வருகிறார் என்று நால்வரும் முடிவு கட்டினோம். அதற்குப் பிறகு எங்களில் ஒருத்தி எப்போதும் பின்வாசலில் கண் வைத்திருப்பாள். சிவப்புத் துண்டு தெரிந்தால் போதும், நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பாட்டு ஒன்றை உருகி உருகிப் பாட ஆரம்பித்துவிடுவேன். இரண்டு அடி முடிவதற்குள் துண்டு வாயிலிருந்து தோளுக்குப் போகும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார்.

"பாத்தியாட்டி, நாம மாட்டலைன்னு மூஞ்சி செத்துப்போச்சு" என்று கையைத் தட்டிச் சிரித்தோம். எப்பேர்ப்பட்ட கிறுக்கச்சிகள் நாங்கள்!

பேச்சியம்மாக்கா மகள் கல்யாணத்துக்குக் கம்பெனியே திரண்டு போனது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டி முடிந்ததும் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு கூட்டத்துக்குள் இறங்குவார்கள். மாமன், மச்சான் முறை வருகிற ஆம்பளை ஒருத்தரையும் விட மாட்டார்கள். கன்னத்திலும் மொட்டைத் தலையிலும் சந்தனத்தை அப்பிக்கொண்டே, அவர் மேல் கேலிப் பாட்டை எடுத்துவிடுவார்கள். மூக்கு, தொப்பை, கஞ்சத்தனம், பெண்டாட்டிக்குப் பயந்தது எல்லாம் சந்தி சிரிக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொந்தம் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சந்தனம் படாமல் எழுந்து போகிற மாமன்தான் பிறகு மனத்தாங்கலோடு பேசிக்கொண்டு திரிவார். அண்ணன், தம்பி முறைக்காரர்களை மட்டும் தொட மாட்டோம். அவர்களைக் கேலி பேசுவது ஆகாது.

போர்மேன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பெண்கள் அந்த வரிசைக்கு வந்தபோது முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். நான் கிண்ணத்தோடு அவருக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றேன். என் பின்னாலிருந்து யாரோ, "ஏளா, அவுக போர்மேன் அண்ணாச்சி, பாத்து" என்று கிசுகிசுத்தார்கள். பாட்டு நின்றது. நாங்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு, தாண்டிப்போய், அடுத்து உட்கார்ந்திருந்தவர் முகத்தில் சந்தனத்தை அப்பிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தோம். திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் படாத கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் மத்தியானம் கிழக்கே எங்கேயோ பெரிய சத்தம் கேட்டது. எங்கள் அறையின் ஓடு அதிர்ந்தது. போர்மேன் விசில் ஊதி எங்கள் எல்லாரையும் வேப்ப மரத்தடிக்குக் கூட்டி வந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். வெடித்தது வேறு கம்பெனி. எங்கள் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து யாரும் பாடவில்லை. பாட மனசு வரவில்லை. நான்காம் நாள் செருப்பை இழுத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். வாசலில் நின்றார். சரத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

"ஏன் எல்லாரும் சும்மா இருக்கீக?"

நாங்கள் குனிந்து சரத்தைப் பின்னிக்கொண்டே இருந்தோம்.

"சத்தமில்லாம கெடந்தா எனக்கு வயித்தக் கலக்குது. எதாவது பாடுங்களேன். நீங்க பாடுவீகள்ல... அது."

பேச்சியம்மாக்கா நிமிரவில்லை. "எங்களுக்குப் பாட்டெல்லாம் தெரியாது அண்ணாச்சி. நாங்க வேலைதான் பாக்கோம்."

"சரி" என்றார். இன்னும் கொஞ்சம் நின்றார். போய்விட்டார். எப்படித் தூண்டில் போடுகிறார் பார் என்று அன்றைக்கு முழுக்க அதையே பேசினோம்.

அதற்கடுத்த தீபாவளி சீசன் முடிந்ததும் அவர் வேலையை விட்டார். கண் மங்கிவிட்டது. தானே போய் முதலாளியிடம் சொன்னாராம், கண் தெரியாத ஆள் இந்த வேலையில் இருக்கக் கூடாதென்று. எல்லாரும் சேர்ந்து ஒரு மாலையும் வேட்டி துண்டும் வாங்கினோம். ஒவ்வொருத்தியாக எழுந்து "அண்ணாச்சி நல்லவுக, அண்ணாச்சி எங்களுக்குத் தகப்பன் மாதிரி" என்று சொன்னோம். மாலை கழுத்தில் கிடக்க, அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் நான் கை கழுவப் போனேன். தொட்டிப் பக்கம் அவர் தனியாக நின்றார்.

"ஏட்டி, நீதான கட்டுனது?"

"எது அண்ணாச்சி?"

"எம்மேல ஒரு பாட்டு உண்டுல்லா. இன்னைக்காவது பாடுவீகன்னு பாத்தேன்."

சந்துல நாய் வந்தழுவும் என்று கட்டிய வாய் இது. "அப்படிப் பாட்டெல்லாம் எதுவும் இல்ல அண்ணாச்சி, சாமி சத்தியமா" என்றேன்.

"இல்லையா?" என்றார். எங்கள் ஊக்குகள் கிடந்த கொட்டாங்கச்சியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பெல் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் ஏறி மிதித்துப் போவதைத்தான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

ஒரு வாரம் கழித்து கேட்டில் ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "பாட்டுக்காரி, போர்மேன் இல்லாம எனக்குப் பொழுதே போகல" என்றார். என்ன என்று கேட்டேன்.

"தெனமும் செருப்ப இங்கன கழட்டிப் போட்டுட்டு உங்க பாட்டக் கேக்கப் போவாக. செருப்புச் சத்தம் கேட்டா நீங்க நிப்பாட்டிருவீகளாம். திரும்பி வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து சிரிப்பாக பாரு, கண்ணுல தண்ணி கொட்டும். 'பல்லு தானா அடிக்குதாம்யா, பல்லு தானா அடிக்குதாம்' னு என் தொடையில அடிச்சுச் சொல்லுவாக. பக்திப் பாட்டு வந்தா மட்டும் உம்முனு வருவாக."

வாயில் அமுக்கிய துண்டும் குலுங்கிய தோளும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை வேலையைவிட்டுத் தூக்கியிருந்தால்கூட அம்புட்டு வலித்திருக்காது.

அந்தத் தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு போர்மேனின் ஊரான ஆலங்குளத்துக்குக் கிளம்பினேன். "பொண்ணே போயி பத்திரிகை குடுக்குறது எங்கன உண்டு? ஒனக்கு வெக்கமே கெடையாதாட்டி?" என்று அம்மா கத்தினாள். எனக்கு வெட்கம் இருந்தது. அது வேறு வெட்கம்.

சிமென்ட் ஆலைத் தூசி படிந்த ஒரு தெருவில், கடைசித் தங்கச்சியும் கல்யாணமாகிப் போய்விட்ட வீட்டில் தனியாக இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

"யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி. ஒம்பதாம் நம்பர்."

"ஏட்டி, நீயா! வா, வா." அங்குமிங்கும் பார்த்தார். இருந்த ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். காப்பி போட்டு, இருந்த ஒரு டம்ளரை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்குச் செம்பில் ஊற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் எல்லாமே ஒவ்வொன்றுதான் இருந்தது.

"வாட்ச்மேன் எல்லாத்தையும் சொல்லிட்டாக" என்றேன்.

"அவன் வாயி சும்மா இருக்காதே!" முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். பாட்டு இருக்கு. இப்பப் பாடட்டா?"

"அண்ணாச்சின்னு கூப்பிட்டுட்டு எப்படிட்டி கேலி பாடுவே? அதுக்கெல்லாம் ஒரு முறை வேண்டாமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பல் ஒன்று இல்லை.

"அப்ப மாமான்னு கூப்பிடுதேன்."

செம்பைக் கீழே வைத்தார். குனிந்துகொண்டு, "பாடு" என்றார்.

பாடினேன். சைக்கிள் அடிக்குத் தொடையில் தட்டினார். தொப்பை அடிக்குத் தொப்பையைத் தடவிக்கொண்டார். முருகன் அடிக்குச் சிரித்து இருமி, கண்ணைத் துடைத்து, "ஐயோ, வெறும் பானையாம்ல!" என்றார். பாடுகிறவளுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் என்ன இருக்கிறது? இப்படி ஒரு ரசிகரை மரத்துக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று முடிந்தது. நான்காவதைப் பாட என் வாய் எழவில்லை.

"கடைசி அடி சரியா காதுல விழல. நானா ஒண்ணு வச்சிருக்கேன். இதான்னு பாரு" என்றவர், கட்டைக் குரலில் மெட்டுத் தப்பாமல் பாடினார்.

வெளக்குமாறு கையெடுத்து
வீட்டுக்காரி நிக்கிறாளே
போர்மேனு நடுங்கயில
பூனைகூடச் சிரிக்குதம்மா

"இதான?"

"இதேதான் மாமா. ஒரு எழுத்து மாறல" என்றேன். நல்ல பொய் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு பத்திரிகையைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் போன பிறகுதான் குடையை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தேன். வீட்டை நெருங்கும்போது உள்ளே பாட்டுச் சத்தம். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். டம்ளர் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

செத்துப்போனா போர்மேனு — அங்க
சேலக்காரி யாரழுவா
சட்டி அழும் பானை அழும்
சந்துல நாய் வந்தழுவும்

ஒரு சொல்கூட மாறவில்லை. "சந்துல நாயி வந்தழுவுமாம்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். "கெட்டிக்காரிதான்."

அவருக்கு எல்லாம் தெரியும். நான் சங்கடப்படக் கூடாது என்பதற்காக அந்த மனுஷன் தனக்கு விளக்குமாற்றோடு ஒரு வீட்டுக்காரியை உண்டாக்கியிருக்கிறார். குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வந்தார், என் குடையோடு. அதே முன்வரிசை. தாலி ஏறியதும் சந்தனக் கிண்ணங்கள் இறங்கின. பேச்சியம்மாக்காவிடம் முன்னாடியே சொல்லியிருந்தேன். அவள் நேராக அவரிடம் போய், "மாமோவ், எந்திரிக்கப் படாது" என்று சொல்லி ஒரு கை நிறைய சந்தனத்தை அவர் கன்னத்தில் அப்பினாள். கம்பெனிப் பெண்கள் நாற்பது பேரும் சுற்றி நின்று சைக்கிளையும் தொப்பையையும் முருகனையும் கைதட்டிப் பாடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூன்றாம் அடி முடிந்ததும் பாட்டு டக்கென்று நின்றது. கல்யாண வீட்டில் சாவை எப்படிப் பாடுவது? அவர் சந்தன முகத்தை நிமிர்த்தி எல்லாரையும் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா? இன்னொண்ணு உண்டே!"

மறுபடியும் அவருக்காகப் பாட்டு நின்றுபோயிற்று. எனக்குத் தாங்கவில்லை. மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவள், மாமியார் பார்க்கப் பார்க்க வாயைத் திறந்துவிட்டேன்.

சாவதுக்கு நாளிருக்கு — மாமா
சந்தனத்தப் பூசிக்கங்க
அழுவதுக்கு ஆளிருக்கு — மாமா
அவசரந்தான் வேண்டாங்க

பெண்கள் குலவை போட்டார்கள். அவர் துண்டை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டார். பழைய பழக்கம். தோள் குலுங்கியது. அது சிரிப்பா, வேறெதுவுமா என்று மணவறையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே ஆலங்குளம் பஸ் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு தோளில்தான் கிடந்தது. அவர் துடைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சிவகாசியில் குடியிருந்தேன், வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பேச்சியம்மாக்கா வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு, "போர்மேன் போயிட்டாகளாம்டி. ஒரு மாசமாச்சு" என்றாள். தங்கச்சிமார் வந்து எடுத்துப் போட்டார்களாம். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் யாருடைய போன் நம்பரும் அவரிடம் இல்லை. அழுவதற்கு ஆளிருக்கு என்று ஊரறியப் பாடியவள் நான். அழ வேண்டிய அந்த ஆள் ஒரு மாதம் பிந்தி, சிவகாசியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அக்கா போன பிறகு பாத்திரம் கழுவப் போனேன். சைக்கிளில் தொடங்கினேன். பெல், பல், தொப்பை, துண்டு, வேல், விசில் எல்லாம் வந்தன. கடைசிக்கு வந்தபோது என்னிடம் மூன்று அடிகள் இருந்தன. நான் அவரைச் சாகடித்த அடி ஒன்று. நான் வாக்குக் கொடுத்துத் தவறிய அடி ஒன்று. இரண்டையும் விட்டுவிட்டு அவர் கட்டியதைப் பாடினேன். விளக்குமாற்றோடு வீட்டுக்காரி வந்து நின்றாள், போர்மேன் நடுங்கினார், பூனை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் சோப்புத் தண்ணீரில் விழுந்தது.

கூடத்திலிருந்து ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று இழுபடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அடுக்களை வாசலில் வந்து நின்று, என்ன பாட்டு இது என்பதுபோல் பார்த்தார்.

நான் நிறுத்தவில்லை.